நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு: இரண்டாம் முறையில்தான் கடல் கடந்தோம்

ஐப்பசி, கார்த்திகையில், நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் இந்தப் பயணிகள் கப்பலை நம்பி எந்தச் சடங்குக்கும் நாள் குறிக்காதீர்கள். நாங்கள் குறித்தோம். அக்கா மகனுக்கு யாழ்ப்பாணத்தில் தொட்டில் போட்ட அன்று, அங்கே இருந்திருக்க வேண்டிய நானும் அம்மாவும் நாகப்பட்டினத்தில் ஒரு விடுதி அறையில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது 2024 நவம்பர். டிக்கெட் எடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து மதுரை, தஞ்சாவூர் என்று பஸ் மாறி, பிரசவ லேகியமும் உடன்குடிக் கருப்பட்டியும் வசம்பும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். திருவாரூரைத் தாண்டும்போதுதான் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: மோசமான வானிலை, கப்பல் புறப்படாது. அடுத்த நாள் போகுமா என்று கேட்க நேரில் போனேன். அதற்கடுத்த நாளும் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த பணியாளர். எனக்குக் கோபம்தான் வந்தது. முந்தைய நாளே சொல்லியிருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டோமே!

அவர் பொறுமையாகப் பேசினார். ஓடுவது ஒரே ஒரு கப்பல். 150 பேர் உட்காரலாம். 30 பேர் ஏறினாலும் 150 பேர் ஏறினாலும் எண்ணெய்ச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். கடல் கொந்தளித்தால் நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்திய நாளிலும் ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு. கப்பல் பழுதானால் மாற்றுக்கு விட இன்னொன்று கிடையாது. அவர் சொல்லி முடித்தபோது என் கோபம் போய்விட்டது. கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வழித்தடம் 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி என்ற கப்பலோடு தொடங்கி, சில நாட்களிலேயே பருவமழையால் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று வேறொரு கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. இந்த மழைக்கும் நின்றால் திரும்ப வருமா?

திருநெல்வேலிக்காரனுக்கு இந்தப் பயம் புதிதல்ல. எங்களுக்குப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து 2011 ஜூனில் கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. அதற்கும் நூறாண்டுக்கு முன்னால், 1906இல், வ.உ.சி. அதே தடத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது முதலில் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியால் பின்வாங்கினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்தன. எதிராளி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, கடைசியில் பயணிகளுக்கு இலவசமாகக் குடை வரை கொடுத்தான். இதையெல்லாம் பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு கப்பலையே நம்பியிருப்பது எத்தகைய ஆபத்து என்று எனக்கு உறைத்தது, அந்த மழை நாளில் திரும்பிப் போக பஸ் தேடி அலைந்தபோதுதான்.

டிக்கெட் பணம் திரும்ப வந்துவிட்டது.

2025 பிப்ரவரி 22 அன்று கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. மார்ச்சில் புறப்பட்டோம். இம்முறை ஒரு நாள் முன்னதாகவே நாகை சேர்ந்து தங்கினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்; திரும்பும்போதும் இரண்டு நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் விடுப்பு முடிகிற நாளை ஒட்டி டிக்கெட் எடுக்கவே கூடாது.

இந்த முறை வானிலை சரியாக இருந்தது, காகிதம் காலை வாரியது. இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை எங்கள் தெருமுனை கணினி மையத்தில் கொடுத்து வாங்கியிருந்தேன். அம்மாவின் பாஸ்போர்ட் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை அந்த ஆள் இடம் மாற்றி அடித்திருக்கிறார். நானும் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். துறைமுகத்தில் காகிதங்களைச் சரிபார்த்த இளம்பெண்தான் அதைக் கண்டுபிடித்தார். "இதோடு அங்கே இறங்கினால் உங்கள் அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றார். அம்மா அந்த இடத்திலேயே பையின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாலு மாதக் குழந்தையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. இன்னொரு முறை திரும்பிப் போக வேண்டுமா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை, முகம் கேட்டது.

அந்தப் பெண் தன் கைப்பேசி இணைப்பையே எனக்குக் கொடுத்து, "புதிதாக விண்ணப்பியுங்கள், அவசரப்பட்டு மறுபடி தப்பாக அடிக்காதீர்கள்" என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தையும் தானே வாசித்துக் காட்டினார். மற்றவர்கள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அனுமதி வந்தது. கடைசியாகக் கப்பல் ஏறியவர்கள் நாங்கள்தான். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா அழுதார். கருப்பட்டிப் பெட்டியைத் திறந்து இரண்டு வட்டு எடுத்துக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார்.

ஆகவே, விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும் பாஸ்போர்ட் எண்ணை நீங்கள் ஒரு முறை, வீட்டில் இன்னொருவர் ஒரு முறை, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூட்டைகளை வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். லேகியத்தைப் பெயர் எழுதாத டப்பாவில் கொண்டுபோகாதீர்கள். காங்கேசன்துறைச் சுங்கத்தில் அதற்காக எங்களைத் தனியே நிறுத்தினார்கள். அதிகாரி தமிழர். பிள்ளை பெற்றவளுக்கான மருந்து என்று அம்மா சொன்னதும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கடலில் நாலு மணி நேரம். பாதி இருக்கைகள் காலியாகவே வந்தன. அதை எண்ணிப் பார்த்தபோது மனம் கனத்தது.

மருமகனுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அத்தான் கார்த்திகையில் நாள் பார்ப்பதாகச் சொன்னார். அம்மா நாள்காட்டியை வாங்கிப் புரட்டி, ஆவணியில் ஒரு முகூர்த்தத்தைக் காட்டி, அதையே முடிவு செய்துவிட்டார். கப்பல் ஓடுகிற மாதம் அது.