கட்டுக்குள் என்ன மூலிகை?

காயத்துக்குப் போடும் கட்டுகளைத் தாவரப் பொருட்களிலிருந்து உருவாக்குகிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "என்ன மூலிகை சேர்க்கிறீர்கள்?" ஒன்றுமில்லை என்றால் பலருக்கும் சப்பென்று போய்விடும்.

என் மேசையில் இருப்பவை இரண்டு பொடிகள்: பழுப்புக் கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், பழத்தோலிலிருந்து எடுக்கும் பெக்டின். (கறாராகப் பார்த்தால் கடற்பாசி தாவரமே அல்ல. எங்கள் ஆய்வகத்தில் யாரும் அதற்காகச் சண்டை போடுவதில்லை.) இரண்டுமே மருந்து அல்ல. இவை பார்ப்பது தண்ணீர்க் கணக்கை.

காயம் காய்ந்தால்தான் ஆறும் என்ற நம்பிக்கையை 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் அசைத்துப் பார்த்தார். பன்றிகளின் மேலோட்டமான காயங்களைப் பாலித்தீன் தாளால் மூடினார். திறந்து விட்டதால் பொருக்குத் தட்டிய காயங்களைவிட அவற்றில் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகப் புதுத்தோல் படர்ந்தது. ஆக, ஈரம் வேண்டும். ஆனால் தேங்கவும் கூடாது. தேங்கினால் சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறி வெளுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் ஆல்ஜினேட் எனக்குப் பிடித்துப்போகிறது. சோடியம் ஆல்ஜினேட் தண்ணீரில் கரையும். அந்தக் கரைசலைக் கால்சியம் குளோரைடில் விட்டால், முட்டை அட்டையின் குழிகளில் முட்டை உட்கார்வதுபோலக் கால்சியம் அயனிகள் ஆல்ஜினேட்டின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். கரையாத ஜெல் கிடைக்கும். காயத்தின் மேல் வைத்தால் எல்லாம் தலைகீழ். கசியும் நீரிலுள்ள சோடியம் உள்ளே நுழைய, கால்சியம் வெளியேற, கட்டு இளகிக் கூழாகிறது. வெளியே வந்த கால்சியம் ரத்தம் உறையவும் கைகொடுக்கிறது.

அதனால்தான் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, 'இத்தனை மடங்கு உறிஞ்சியது' என்று எழுதும் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. காயத்தில் கசிவது வெறும் தண்ணீரா என்ன? லிட்டருக்கு 142 மில்லிமோல் சோடியமும் 2.5 மில்லிமோல் கால்சியமும் உள்ள கரைசலில், 37 டிகிரியில், 30 நிமிடம் வைத்துப் பார்க்கச் சொல்கிறது ஐரோப்பியத் தரமுறை.

பெரிய தலைவலி கிருமி நீக்கம். காமா கதிரின் வழக்கமான அளவு 25 கிலோகிரே (பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அது கிருமியோடு ஆல்ஜினேட் சங்கிலியையும் சேர்த்து வெட்டிவிடும். இழுத்தாலும் கிழியாமல் இருந்த ஆல்ஜினேட் ஃபிலிம், கதிர் பட்ட பிறகு நனைத்தால் கையோடு பிய்ந்து வரும். நீராவியும் சங்கிலியை விட்டுவைப்பதில்லை. எத்திலீன் ஆக்சைடு பரவாயில்லை, ஆனால் அது நச்சு வாயு. மிச்சம் முழுவதும் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். மூலிகைச் சாறு சேர்த்தால் அதுவும் இத்தனையையும் தாங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்கவும் வேண்டும். சரி, முதலில் கட்டே நிற்கட்டும்.

இந்த வகைக் கட்டு நீர் அதிகம் கசியும் காயத்துக்கானது. வறண்ட காயத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது மஞ்சளாக, கொழகொழவென்று, கொஞ்சம் வாடையோடு இருந்தால் சீழ் என்று பதற வேண்டாம். அது பெரும்பாலும் ஜெல்தான். உப்புநீரால் கழுவிவிட்டு, அப்புறம் காயத்தைப் பாருங்கள்.