மூணாவது ஆயில் சீல்

வண்டி எண்ணெய் ஒழுகினால் முதலில் அம்மாவுக்குத்தான் தெரியும். காலையில் வாசல் தெளிக்க வருகிறவர், "டேய், ராத்திரி பூராம் ஒழுகியிருக்குடா உன் வண்டி. நான் எங்க கோலம் போடறது?" என்று சத்தம் போடுவார். போன வருடம் சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் எனக்கு அதுதான் அலாரம்.

வண்டி 1997 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். அப்பா பழையதாக வாங்கியது. தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறி, தார் ரோடு முடிந்த பிறகு இரண்டு கிலோமீட்டர் கல்லும் சேறும், நடுவில் ஓர் ஓடை. அந்த இரண்டு கிலோமீட்டருக்காகத்தான் இதைக் கட்டி அழுகிறோம்.

ஒழுகியது பின்பக்கக் கிரவுனில், அதாவது பின் அச்சில் இருக்கிற பல்சக்கரக் கூட்டில், பினியன் சீல். இன்ஜின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் பின் அச்சோடு சேருகிற வாயில் உட்கார்ந்திருக்கிற ரப்பர் வளையம். உள்ளே கிரவுன் வீல் எண்ணெயில் முங்கி முங்கிச் சுற்றும். அந்த எண்ணெய் வெளியே வராமல், சுழலும் இரும்பைக் கவ்விக்கொண்டிருப்பது அந்த ரப்பரின் மெல்லிய உதடு மட்டும்தான். அது விட்டுவிட்டால் வண்டி ஓட ஓட எண்ணெய் சிதறி அடித்தட்டு பூராவும் மண்ணோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும்.

முதல் தடவை ஒரு பட்டறையில் விட்டேன். எட்டு நாள் தாங்கியது. இரண்டாம் தடவை நானே இறங்கினேன். பழைய சீலை நெம்பி எடுத்தால், உதட்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய ஸ்ப்ரிங் வளையம் கழன்று தனியாகக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு பக்கமாகத் தட்டியே ஏற்றியிருக்கிறார்கள். ஆகா, பிடித்துவிட்டேன் திருடனை என்று நினைத்தேன்.

இந்த வேலையில் சீல் சின்ன விஷயம். பயமுறுத்துவது பினியன் நட்டுதான். ஜிப்ஸியில், கிரவுன் வீலைச் சுற்றவைக்கிற பினியன் தண்டின் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய குழாய் இருக்கும். கம்பெனியில் நட்டை முறுக்கும்போது அது அளவாக நசுங்கி, பேரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் நிற்கும். நாம் கழற்றி மாட்டும்போது கூடுதலாக முறுக்கிவிட்டால் இன்னும் நசுங்கிவிடும், திரும்ப விரியாது. பிறகு பேரிங் சூடாகி ஊளையிடும். அதனால் கழற்றும் முன்பே நட்டு, பினியன் முனை, ஷாஃப்ட்டைப் பினியனோடு சேர்க்கிற ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் சென்டர் பஞ்சால் புள்ளி வைத்தேன். எத்தனை சுற்றில் நட்டு கழன்றது என்று சுவரில் கரியால் எழுதியும் வைத்தேன்.

ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டிருந்தாலும் பின் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தோம். ஃபிளாஞ்ச் சுற்றாமல் இருக்க ஒரு பட்டை இரும்பை அதில் போல்ட் போட்டுத் தரையில் முட்டுக்கொடுத்தேன். நட்டு அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் நாலடி ஜி.ஐ. பைப்பைச் சொருகினேன். அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான்.

"மாமா, நான் வேணா பைப் மேல ஏறி நிக்கவா?"

"நில்லு மாப்ள. வழுக்குச்சுன்னா என் மேல விழுந்துடாத."

ஏறி நின்றான். டொக்கென்று ஒரு சத்தம். இரண்டு பேரும் என்னவோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, அதே அளவுள்ள பழைய பேரிங் கூட்டை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி, சமமாக இறக்கினேன். நட்டு, புள்ளிக்குப் புள்ளி, அதற்கு மேல் ஒரு நூலளவு. கையால் சுற்றிப் பார்த்தால் பழைய மாதிரியே சுற்றியது. எனக்கே ஒரு கர்வம்.

இரண்டு தடவை தோட்டத்துக்குப் போய்வந்தேன். மூன்றாம் நாள் காலை, அம்மாவின் சத்தம்.

இந்த முறை பாயைத் தேடிப் போனேன். கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறவர், அப்பா காலத்து மெக்கானிக். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கீழ ஊருக்குள்ள ஓட்டுனா ஒழுகுதா, மலையேறி வந்தா ஒழுகுதா?"

யோசித்தால், மலையேறி வந்த ராத்திரிகளில் மட்டும்தான்.

"மேல போய்ட்டு நேரா இங்க வா தம்பி. வண்டி ஆறக்கூடாது."

அப்படியே போனேன். பாய் சாக்கை விரித்து அடியில் படுத்து, நிரப்புகிற பிளக்கை மெல்லத் தளர்த்தினார். பிரஷர் குக்கர் வெயிட்டைத் தூக்கின மாதிரி புஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே ஒரு வாய் எண்ணெயும். பாய் வெளியே வந்து மூஞ்சியைத் துடைத்தபடி சொன்னார்: "மூக்கப் பொத்திட்டு வாயத் தொறக்காதன்னா எப்படி? சீலு என்ன பண்ணும் பாவம்."

அச்சுக் கூட்டின் மேலே ப்ரீதர் என்று ஒரு சின்ன மூடி உண்டு. மலையேறும்போது எண்ணெய் சூடாகி உள்ளே காற்று விரிந்தால் அது வழியாகத்தான் வெளியேற வேண்டும். என் வண்டியில் அந்த ஓட்டைக்குள் செம்மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. போக இடமில்லாத காற்று எண்ணெயைச் சீல் உதட்டு வழியாகத் தள்ளியிருக்கிறது. சுடச்சுட ஓடையில் இறங்கினால் இதற்கு நேர்மாறு. உள்காற்று சட்டென்று சுருங்கி, அதே உதட்டு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வடித்த எண்ணெய் காபியில் பால் ஊற்றின நிறத்தில் வந்தது. ஒன்றரை லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லிட்டர்கூட வரவில்லை.

சீல் மேல் பழியே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. ஃபிளாஞ்சைத் துடைத்து, சீல் உட்காரும் இடத்தில் பாய் என் நகத்தை ஓட்டச் சொன்னார். நகம் மாட்டியது. இத்தனை வருடம் ஒரே இடத்தில் உரசி உரசி இரும்பிலேயே தடம் விழுந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் போகிற பள்ளம் இல்லை. வெர்னியரில் அளவெடுத்து மதுரையில் ஒரு பேரிங் கடையில் கேட்டதில், எஸ்கேஎஃப் ஸ்பீடி ஸ்லீவ் கிடைத்தது. 0.28 மில்லிமீட்டர் கனம்தான், தகரக் காகிதம் மாதிரி. பள்ளத்தின் மேல் சட்டை போட்ட மாதிரி ஏறிவிடும், சீல் அளவையும் மாற்ற வேண்டாம். சீலை விட விலை பல மடங்கு. கடைக்காரர் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன்.

ப்ரீதர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரப்பர் ஹோஸ் மாட்டி, சேசிஸ் ஓரமாகக் கொண்டுபோய் டெயில் லேம்ப் உயரத்தில் கட்டினேன். நுனியில் பைக்குக்குப் போடுகிற பெட்ரோல் ஃபில்டர் ஒன்று, மண் போகாமலிருக்க. மூன்றாவது சீல். 80 டபிள்யூ 90 ஜிஎல்-5 எண்ணெய், ஒன்றரை லிட்டர். அந்தக் கந்தக வாடை என் லுங்கியை விட்டு இன்னும் போகவில்லை. அம்மா அதை வண்டி துடைக்கவே கொடுத்துவிட்டார்.

ஐப்பசியில் ஓடை முழங்காலுக்கு மேல் ஓடியபோது போக ஒரு தடவை, வர ஒரு தடவை கடந்தேன். வந்ததும் ஆறவிடாமல் பிளக்கைத் தளர்த்தினேன். சத்தமில்லை. உள்ளே சுண்டுவிரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தேன் நிறம்.