சாமான் வைக்க மட்டும்

"இந்த ஷெட்டைச் சாமான் வைப்பதற்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று வாரியத் தலைவர் கேட்டார். வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "ஒப்புக்கொள்கிறேன்" என்றார். சற்று நேரத்தில் வாக்கெடுப்பு முடிந்து விதிவிலக்கும் கிடைத்துவிட்டது. கேட்டது கிடைத்த வழக்கு இது. ஆனாலும் என் தொழிலில் என்னை மிகவும் அலைக்கழிப்பது இதுதான்.

நியூ ஜெர்சியில் மனை விதிகளுக்கு விலக்குக் கேட்டு வருபவர்களுக்காக அவற்றை விசாரிக்கும் நகராட்சி வாரியத்தின் முன் சாட்சியம் சொல்வது என் வேலை. இவருக்கு ஷெட் விற்றவர்கள், 200 சதுர அடிக்குள் இருந்தால் அனுமதியே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அது பாதி உண்மை. உயரம் 10 அடிக்கு மிகாமல், மின்சாரம், தண்ணீர் எதுவும் இல்லாமல் இருந்தால் கட்டுமான அனுமதி தேவையில்லை. எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதோ நகராட்சியின் விதி. அதிலிருந்து தப்ப முடியாது. அவர் 12க்கு 16 அடி ஷெட்டை வேலியை ஒட்டி வைத்து, உள்ளே விளக்குக்கும் ஹீட்டருக்கும் மின்கம்பியும் இழுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தார். நோட்டீஸ் வந்தது.

நிலத்தைப் பொறுத்தவரை எங்கள் தரப்பு வலுவானது. மூலை மனை என்பதால் இரண்டு தெருப் பக்கங்களும் முன்புறமாகவே கணக்காகும். அங்கே ஷெட் வைக்கக் கூடாது. பின்பக்கத்தில் நகராட்சியின் கழிவுநீர்க் குழாய் குறுக்கே போகிறது. அதன் மேல் எதையும் நிறுத்த முடியாது. மிஞ்சியது வேலியோரம்தான். சட்டம் கேட்பதும் இதைத்தான்: மனையின் வடிவம், சரிவு, அதில் ஏற்கெனவே இருப்பவை. சொந்தக்காரரின் தேவையை அது கேட்பதில்லை. அவர் நாளை விற்றுவிட்டுப் போய்விடுவார், விலக்கு நிலத்தோடு தங்கிவிடும். இந்த நியாயத்தை நான் மனதார நம்புகிறேன். குடும்பக் கதையை உருக்கமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு ஒரு விதி, கூச்சப்படுபவருக்கு இன்னொரு விதி என்று ஆகிவிடக் கூடாது.

ஆனால் அந்த ஷெட் யாருக்காக என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரரின் தந்தை நாகர்கோவிலில் வாழ்நாள் முழுக்கத் தச்சு வேலை செய்தவர். மனைவி இறந்தபின் மகனோடு வந்துவிட்டார். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பேச ஆளில்லாத வீட்டில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தவருக்கு, உளியும் இழைப்புளியும் வைத்துக்கொள்ள மகன் ஓர் இடம் அமைத்துக் கொடுத்தார்.

"அப்பாவைப் பற்றிச் சொல்லலாமா அண்ணா?" என்று விசாரணைக்கு முன் கேட்டார்.

"கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நீங்களாகத் தொடங்க வேண்டாம்" என்றேன்.

பெரியவருக்கு உடற்குறை ஏதும் இருந்திருந்தால், 1988இல் திருத்தப்பட்ட வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தின்படி சலுகை கேட்டிருக்கலாம். அவர் திடமாக இருக்கிறார். வேலையில்லாமல் இருப்பது மட்டுமே அவருடைய குறை. அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பேசியபோதுதான் பேச்சு திசை மாறியது. ஷெட் அங்கே நிற்பதில் தனக்கு வருத்தமில்லை, காலையில் கேட்கும் கொட்டாப்புளிச் சத்தம்தான் தொந்தரவு என்றார். அதைத் தொடர்ந்தே தலைவரின் கேள்வி வந்தது. நேரக் கட்டுப்பாடு மட்டும் போதும், கையால் செய்யும் வேலைதான் என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அது பட்டறையா, வீட்டிலிருந்து நடத்தும் தொழிலா என்ற கேள்வி எழும். தொழில் என்று ஆகிவிட்டால் அது எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளிக்கான விலக்கு அல்ல, அங்கே அனுமதிக்காத ஒரு பயன்பாட்டுக்கான விலக்கு. முன்னதற்கு வந்திருப்போரில் பெரும்பான்மை போதும். பின்னதற்கு ஐந்து பேர் ஆதரித்தே தீர வேண்டும். அன்று வந்திருந்தவர்கள் ஆறு பேர். தோற்றால் ஷெட்டைப் பெயர்த்து எடுக்க வேண்டும். இத்தனையும் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியது. தலையசைத்தேன்.

இன்று அதே கேள்வி வந்தாலும் அப்படித்தான் செய்வேன் என்று பல நாட்கள் தோன்றுகிறது. வேறு சில நாட்களில், அந்த ஆறு பேரும் அதே ஊர்க்காரர்கள், சம்பளம் வாங்காமல் வந்து உட்காருபவர்கள், அவர்களுடைய வீடுகளிலும் வயதானவர்கள் இருப்பார்களே என்று தோன்றுகிறது. சட்டம் கணக்கில் எடுக்காத ஒன்றை மனிதர்கள் காதில் வாங்கிக்கொள்ள முடியும். அப்படி வாங்கியிருந்தால் ஒருவேளை நிபந்தனையாவது வேறு மாதிரி அமைந்திருக்கும். ஆனால் சட்டப்படி பொருந்தாத காரணத்தை நம்பி ஒருவர் வீட்டுச் சொத்தைப் பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பெரியவர் கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "தம்பி, என்னைப் பற்றி ஏதாவது கேட்டார்களா?" என்றார்.

"இல்லை ஐயா. நிலத்தைப் பற்றித்தான்."

"அப்படியானால் நான் வேலை செய்யலாம்தானே?"

மகன் முந்திக்கொண்டு, வீட்டுக்குப் போய் விளக்கமாகச் சொல்கிறேன் என்றார். நான் அவர் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அது அவர்கள் குடும்ப விஷயம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையசைத்தவன் நான்தானே என்பது காரில் ஏறிய பிறகு உறைத்தது.

சென்ற மாதம் மகன் தொலைபேசியில் அழைத்தார். நிபந்தனையை மாற்றக் கேட்க முடியுமா என்றார். முடியும். மறுபடி விண்ணப்பம், கட்டணம், 200 அடிக்குள் மனை வைத்திருக்கும் எல்லோருக்கும் விசாரணைக்குப் பத்து நாட்களுக்கு முன்பே அறிவிப்பு, பொது விளம்பரம். முடிவு எதிராகவும் போகலாம் என்பதையும் சொன்னேன். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான் ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். மூலை மனை, கழிவுநீர்க் குழாய், வேலியோர இடைவெளி எல்லாம் அதில் இருக்கின்றன. பெரியவரைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன், எடுத்துவிட்டேன், மறுபடி சேர்த்திருக்கிறேன். மகனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.