லிண்டிஸ்ஃபார்ன் காளவாய்க்குள் அரை மணி நேரம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகிறவர்களில் பலர் கோட்டையைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன். கடல் ஏறினால் தீவுக்குப் போகும் சாலை மூழ்கிவிடும். அதனால் அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் வடிந்த நேரத்தில் கடந்தோம். ஆனால் கோட்டையைத் தாண்டிக் கொஞ்சம் கிழக்கே நடந்ததும் சுண்ணாம்புக் காளவாய் கண்ணில் பட்டது. அப்புறம் கோட்டைக்குத் திரும்ப மனசே வரவில்லை.

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுத் தாளிக்கும்போது அது தளதளவென்று கொதிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது வெந்து வந்த இடத்துக்குள் போய் நின்றது இதுதான் முதல் தடவை.

1860களில் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் வளைவு வாசல்கள் வைத்த ஒரு பெரிய கற்சுவர், அவ்வளவுதான். உள்ளே ஆறு குழிகள் செங்குத்தாக இறங்குகின்றன. மேட்டை ஒட்டிக் கட்டியதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தீவின் வடக்கே வெட்டிய சுண்ணாம்புக்கல்லைக் குதிரைகள் இழுக்கும் தண்டவாள வண்டியில் கொண்டுவந்து, மேலிருந்தே குழிக்குள் கொட்டலாம். ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து கப்பலில் நிலக்கரி வரும். ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கல் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நெருப்பு குழியின் நடுவிலேயே நிற்கும். கல்தான் மேலிருந்து மெல்ல இறங்கி, சுமார் 900 டிகிரி சூட்டைக் கடந்து, அடியில் ஆறி வந்து சேரும். அடிவாய் வழியாக அதை வாரி எடுக்க எடுக்க, மேலே இருப்பது தானே இறங்கும். அணைத்து மறுபடி பற்றவைக்கும் வேலையே இல்லை.

வளைவுக்குள் குனிந்து போய் அந்த அடிவாயைக் கையால் தடவிப் பார்த்தேன். செங்கல் ஓரங்கள் மழுங்கியிருந்தன. மண்வெட்டி உரசி உரசித் தேய்ந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. தலைக்கு மேலே வளைவுக் கற்கள் இன்றும் பிசகாமல் நிற்கின்றன. உள்ளே ஓயாமல் நெருப்பு, வெளியே கடற்காற்றும் மழையும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவரை நிற்க வைப்பது லேசான காரியமில்லை. கட்டியவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வேலை செய்தவர்களையும் நினைத்துக்கொண்டேன். 100 கிலோ நல்ல சுண்ணாம்புக்கல் வெந்தால் 56 கிலோதான் மிஞ்சும். மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாக மேலே போகிறது. அந்தக் காலத்தில் குளிருக்குக் காளவாய் விளிம்பில் படுத்துத் தூங்கி, புகையில் மூச்சடைத்துச் செத்தவர்கள் பிரிட்டன் முழுக்க உண்டு. கப்பலில் ஏற்றிய பிறகும் நிம்மதி கிடையாது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் சூடேறும், மரக்கப்பலே தீப்பிடிக்கும். அப்படிப்பட்ட சரக்கைத்தான் இந்தக் கடலில் ஏற்றி அனுப்பினார்கள்.

19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கே நெருப்பு அணைந்துவிட்டது. இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது. போனால் முதலில் இங்கே போங்கள். கோட்டைக்கு அப்புறம் போகலாம். உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள், அதற்குப் பிறகுதான் அடிவாய் தெரியும்.