பிரீமியம் இரண்டு மடங்கானபோது
அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு கம்பெனி இன்சூரன்ஸ் கிடையாது. கணவர் மரவேலை செய்கிறார், நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தருகிறேன். ஒபாமாகேர் எனப்படும் 2010 சட்டப்படி, தனிநபர்கள் பாலிசி வாங்க அமைத்த சந்தையில்தான் வாங்குகிறோம். 2026-க்கான கடிதம் வந்தது: மாதப் பிரீமியம் இரண்டு மடங்குக்கு மேல். டிடக்டிபிள் மட்டும் அப்படியே 7,000 டாலர். அதாவது வருடாந்தரப் பரிசோதனை, தடுப்பூசி போன்றவை போக, பெரும்பாலான செலவில் முதல் 7,000 டாலர் எங்கள் கையிலிருந்துதான்.

கொரோனா காலத்தில், 2021-இல், பிரீமியத்துக்கு அரசு கூட்டிக் கொடுத்த மானியம் 2025 முடிவோடு நின்றதுதான் காரணம். இனி வருமானம் வறுமைக்கோட்டின் 4 மடங்கைத் தாண்டினால் மானியமே இல்லை. வருட வருமானத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்லித்தான் மானியம் வாங்குகிறோம்; கணிப்பு தப்பி அதிகம் வாங்கிவிட்டால், வரி கட்டும்போது முழுவதையும் திருப்பித் தர வேண்டும். மாதத்துக்கு ஒரு மாதிரி சம்பாதிக்கிறவர்கள் எதை நம்பிக் கணிப்பது?

இந்த மானியச் சண்டையில்தான் செலவு மசோதா நிறைவேறாமல் 2025-இல் 43 நாள் அரசாங்கம் மூடிக் கிடந்தது. 'இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏன் கொடுக்கிறீர்கள், மக்கள் கையில் கொடுங்கள்' என்கிறது ஒரு தரப்பு. மானியத்தால் ஆஸ்பத்திரி பில் குறையாது என்பது உண்மைதான். ஆனால் கையில் கொடுக்கிற சில ஆயிரம் டாலர் ஒரு புற்றுநோய் சிகிச்சைக்குக் காணுமா?

கணவருக்குச் சர்க்கரை. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று பாலிசி மறுக்க முடியாதபடி செய்தது அந்த 2010 சட்டம்தான். அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. இப்போதைக்கு மலிவான வெண்கல (Bronze) பிளானுக்கு மாறுகிறோம். அவருடைய மருந்துகள் அதன் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.