நேர்வழி கேட்கும் கேப்டன்கள்

விமானிகளுக்கும் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) ஆட்களான எங்களுக்கும் நடக்கிற உரசலில் முக்கால்வாசி நேர்வழியைப் பற்றியதுதான், அதாவது வழித்தடத்தை விட்டுவிட்டு நேராகப் போக அனுமதி கேட்பது. "ரிக்வெஸ்ட் டைரக்ட்" என்று ஒரு குரல் வரும். "ஸ்டாண்ட்பை", பொறுங்கள் என்போம். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், இந்த முறை சற்றுச் சூடாக. கோவை வானத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க இதைக் கேட்டுப் பழகிவிட்டேன்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வழித்தடம் என்பது புள்ளிக்குப் புள்ளி வளைந்து போவது. ஏ320 ரக விமானம் உயரத்தில் பறக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 40 கிலோ எரிபொருள் குடிக்கும். வளைவை வெட்டிப் போய் மூன்று நிமிடம் மிச்சம் பிடித்தால் 120 கிலோ. தினமும் நூற்றுக்கணக்கில் விமானம் ஓட்டுகிற கம்பெனிக்கு அது சின்னக் காசு இல்லை. கணக்குப் பார்க்க அலுவலகத்தில் ஆள் இருக்கிறார்கள், அதனால் கேப்டன் கேட்கத்தான் செய்வார்.

காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணத்தில், கோபிக்கார இளம் கேப்டன் ஒருவர் என்னை மடக்கிவிட்டார். "ஏனுங்ண்ணா, வானம் பூராக் காலியாக் கெடக்குது. நேராப் போகச் சொல்றதுல உங்களுக்கு என்னங்ண்ணா சங்கட்டம்?"

காலியாகத் தெரியும் வானம் காலி இல்லை, தம்பி. கோவை விமான நிலையம் இருக்கிற பீளமேட்டிலிருந்து சூலூர் விமானப்படைத் தளம் ஆகாய வழியில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான். 2018இல் தேஜஸ் போர் விமானங்கள் அங்கே வந்தன. கிழக்கே கரூர்ப் பக்கமிருந்து வருகிறவர் கோடு கிழித்தாற்போல் நேராக வரவேண்டுமென்றால், சூலூர்க்காரர்களிடம் போனில் பேசி அவர்கள் சரி என்ற பிறகுதான் முடியும். இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை. இந்திய வான்பரப்பில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தடையில்லாமல் கிடைக்கிறது என்று 2020 மே மாதம் நிதியமைச்சரே அறிவித்தார். கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் சொன்னார்.

வடமேற்கே நீலகிரி. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெளுத்து வாங்கும்போது 23ஆம் ஓடுபாதையில், காற்றை எதிர்த்துத் தென்மேற்கு நோக்கித்தான் கிளம்ப வேண்டும். வடக்கே போகிறவருக்கு உடனே வலப்பக்கம் திரும்ப ஆசை. மலைக்கு மேல் போதிய உயரம் பிடிக்காமல் திருப்பிவிட முடியுமா?

ஆனால் மலையும் ராணுவமும்கூடப் பெரிய தலைவலி இல்லை. வரிசைதான் தலைவலி. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் ஒருவர் முறை தப்பி மடையைத் திறந்தால் கடைமடைக்காரர் வயல் காய்கிற கதைதான். ஒருவருக்கு நேர்வழி கொடுத்தால் அவர் முன்னால் போகிறவரின் முதுகில் வந்து நிற்பார். அப்புறம் இரண்டு பேரில் ஒருவரைச் சுற்றவிட வேண்டும். கீழிருந்து ஏறுகிறவரும் மேலிருந்து இறங்குகிறவரும் குறுக்கே வந்தால், இடையில் ஆயிரம் அடி உயர இடைவெளி உறுதியாகும்வரை இருவரையும் ஏறவோ இறங்கவோ விடாமல் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்த மூன்று நிமிடம் அங்கேயே போய்விடும். கேட்டவருக்கு இதெல்லாம் தெரியாது, அவர் கண்ணுக்கு அவர் விமானம் மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளே போடும் மனக்கணக்கு. முப்பதாயிரம் அடியிலிருந்து இறங்கத் தொண்ணூறு மைல் ஆகும். பாதையைச் சுருக்கிக் கொடுத்தால் சிலர் இறங்கத் தூரம் போதாமல் உயரத்திலேயே நிற்பார்கள். கேட்டு வாங்கிய அதே வாய், "டிசண்டுக்குக் கூடுதல் மைல் வேண்டும்" என்று கேட்கும்.

எங்கள் ஆட்களை முழுக்கக் காப்பாற்றவும் மனசு வரவில்லை. ஒரு போன் போட்டால் வேலை முடியும் என்று தெரிந்தும், போனை எடுக்கச் சோம்பிக்கொண்டு "அன்ஏபிள்", முடியாது என்று முடித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் டவர் என்று மட்டும் கேட்காதீர்கள். "ஸ்டாண்ட்பை" சொல்லிவிட்டு மறந்துபோகிறவர்களும் உண்டு. அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. மேலே இருப்பவர் காத்துக்கொண்டே போய், திரும்ப வேண்டிய புள்ளியையும் தாண்டிவிடுவார்.

விமானிகளிடம் எனக்கு ஆகாதது ஒன்றுதான். "நேற்று கொடுத்தார்களே" என்பது. நேற்றைய வானம் வேறு. அதைவிட மோசம், நான் மறுத்ததை, எங்கள் வானத்தைத் தாண்டி அடுத்துப் பொறுப்பேற்கிற சென்னை ஏரியா கண்ட்ரோலுக்கு மாறியதும் அங்கே புதிதாகக் கேட்பது. அவர் நல்ல மனசோடு கொடுத்துவிட்டால், நான் கட்டி வைத்த வரிசை கலைந்துவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தக் கோபிக்காரர், "சரிங்ண்ணா, 'மிலிட்டரி'ன்னோ 'டிராஃபிக்'ன்னோ ஒரே வார்த்தை சேத்துச் சொன்னா என்னங்ண்ணா கொறஞ்சு போயிரும்?" என்றார். காலை நெரிசலில் ஒரே அலைவரிசையில் பல பேர் முண்டியடிக்கும்போது அந்த ஒரு வார்த்தைக்கும் இடம் இருக்காது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. காரணம் தெரிந்தவர் இரண்டாம் முறை கேட்பதில்லை, அலைவரிசைக்கும் அதுதான் லாபம்.

இரவு பத்து மணிக்கு மேல், சூலூரில் பறப்பது முடிந்து வரிசையும் கலைந்த பிறகு, கேட்காமலேயே நேர்வழி கொடுத்ததும் உண்டு. அப்போது சிலர் நம்பாமல், "கன்ஃபர்ம் டைரக்ட்?" என்று திருப்பிக் கேட்பார்கள்.