தோடம்பழத் தோலில் எசன்ஸ்

கடை ஒரேஞ் எசன்ஸ் போட்ட கேக்கில் எனக்கு டொபி வாசம்தான் தெரிகிறது. அதனால் தோலிலிருந்து நானே எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மட்டக்களப்புச் சந்தையில் பிபிலைத் தோடம்பழம் கண்டால் விடுவதில்லை. பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். இரவிலும் குளிராத நம் வெப்பத்தில் பச்சையம் முழுதாகக் கலைவதில்லை. காயை வாங்கி வந்திருக்கிறாய் என்று வீட்டில் சொல்வார்கள். தோலை நகத்தால் கீறி மூக்கருகே நீட்டினால் பேச்சு நின்றுவிடும். இறக்குமதிப் பழம் நிறத்தில் அழகுதான். ஆனால் பெரும்பாலும் மெழுகு பூசியே வருவதால் சுடுநீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வாசனை எண்ணெய் முழுவதும் தோலின் மேற்பரப்பில் இருக்கும் சிறு பைகளில்தான் இருக்கிறது. அதன் கீழுள்ள வெள்ளைப் பகுதி வெறும் கசப்பு. ஆகவே தோலை மெல்லியதாகச் சீவ வேண்டும். இதில் அவசரம் உதவாது. நான்கு பழத்தின் தோலுக்கு ஒரு கோப்பை வொட்கா. இந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, மதுசாரத்தில் கரையும். 40 வீத வொட்கா போதுமானது. போத்தலை வெளிச்சம் படாத அலுமாரியில் வைத்து, நினைவு வரும்போதெல்லாம் குலுக்குகிறேன். ஒரு மாதத்துக்குப் பிறகு வடித்தால் நல்லது.

தென்னஞ் சாராயத்திலும் ஒரு போத்தல் போட்டேன். அது தன் வாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. றிச் கேக்குக்குப் பொருந்தும், பட்டர் கேக்குக்கு வேண்டாம்.

காத்தான்குடித் தோழியின் வீட்டுக்கு மதுசாரம் ஆகாது. அவளுக்காக உணவுக்குரிய கிளிசரின் மூன்று பங்கு, கொதித்தாறிய நீர் ஒரு பங்கு கலந்து அதே தோலை ஊறவைத்தேன். வாசம் மெதுவாகத்தான் இறங்குகிறது, மென்மையாகவும் இருக்கிறது. வொட்கா எசன்ஸில் ஒரு தேக்கரண்டி விடும் இடத்தில் இதில் இரண்டு விட வேண்டும்.

அன்னாசி சரிவரவில்லை. சதையிலுள்ள நீர் மதுசாரத்தின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. கிடைத்தது எசன்ஸ் அல்ல, இனிப்பான மது. அடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்த அன்னாசித் துண்டுகளைப் போடப்போகிறேன்.

கேக்கில் சேர்க்கும்போது மாவுக்குப் பிறகு ஊற்றுவதைவிட, பட்டரும் சீனியும் அடிக்கையிலேயே விடுவது மேல். கொழுப்பு வாசத்தைப் பிடித்துவைக்கிறது. ஐசிங்கிற்கு அவண் சூடே இல்லை. அரைத் தேக்கரண்டியே தாராளம்.